மயிரிழையின் சாட்சியம்

பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் 1821ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் செயின்ட் ஹெலினா தீவில் கைதியாக உயிர்நீத்தார். உடலைத் திறந்து பார்த்த மருத்துவர்கள் இரைப்பை நோயையே சுட்டினர். ஆயினும் சுவீடன் நாட்டுப் பல் மருத்துவர் ஸ்டென் ஃபோர்ஷுஃப்வுட், அவருக்குச் சிறுகச் சிறுகப் பாஷாணம் ஊட்டப்பட்டதென்று பின்னாளில் வாதாடினார். உடனிருந்து பணிபுரிந்த மாந்தொலோன் பிரபுவின்மீது பழி விழுந்தது. மறுமொழி கூற அவர் உயிரோடில்லை, 1853இலேயே இறந்துவிட்டார்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் ஸ்மித், பேரரசருடையதெனப் பாதுகாக்கப்பட்ட தலைமயிரைச் சோதித்தார். முடிவு 1961இல் வெளிவந்தது. மயிரை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால், அதிலுள்ள ஆர்சனிக் என்னும் பாஷாணத்தின் அணுக்கள் கதிரியக்கம் பெறுகின்றன. ஏறத்தாழ 26 மணி நேரத்தில் அவற்றுள் பாதி சிதைந்து, தமக்கே உரிய ஆற்றலுள்ள கதிர்களை வீசும். அவற்றை எண்ணினால் நஞ்சின் அளவு புலப்படும். மயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், துண்டு துண்டாகச் சோதித்து நஞ்சு சேர்ந்த காலத்தையும் கணிக்கலாம். நம் தலைமயிரையும் கணக்கில் வைத்திருக்கும் இறைவனைப்பற்றிப் பிரசங்கிக்கும் எனக்கு இது பெருவியப்பே!

ஆர்சனிக் மிகுதியாகவே இருந்தது. கொலை உறுதியாயிற்று என்று பலரும் எண்ணினர்.

2008இல் இத்தாலிய அறிவியலார் பாவியா நகரின் சிறிய அணு உலையில் மீண்டும் சோதித்தனர். அவர் சிறுவனாகக் கோர்சிக்காவில் இருந்தபோது எடுத்த மயிர், எல்பாத் தீவில் எடுத்தது, இறந்த நாளில் எடுத்தது, மனைவி ஜோசபினுடையது, மகனுடையது ஆகிய அனைத்தையும் ஒப்பிட்டனர். எல்லாவற்றிலும் இன்றைய மக்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு ஆர்சனிக்! சிறுவயதுக்கும் இறுதி நாளுக்கும் பெரிய வேறுபாடில்லை. சுவர்த்தாளின் பச்சை வண்ணத்திலும் மருந்துகளிலும் அந்நஞ்சு கலந்திருந்த காலம் அது. முதற் சோதனையின் அளவு பொய்யன்று. ஒப்பிட்டுப் பார்க்க அக்காலத்தவரின் மயிர் உடன் வைக்கப்படவில்லை, அவ்வளவே.

நம் ஊர்களிலும், ஒருவர் காரணமின்றி மெலிந்தால் "மருந்து வைத்துவிட்டார்கள்" என்கிறோம். பெரும்பாலும் மருமகளின் பெயரே அடிபடுகிறது. இன்று ஐயம் தீர்க்க அணு உலை வேண்டுவதில்லை. புதிதாகப் புகுந்த ஆர்சனிக்கைச் சிறுநீர்ச் சோதனையே காட்டும். ஆனால் அதற்கு முன் சில நாட்கள் மீனும் இறாலும் உண்ணலாகாது. கடலுணவில் இயல்பாயுள்ள, பெரிதும் தீங்கற்ற ஆர்சனிக் கணக்கைக் குழப்பிவிடும். மீனின்றிச் சோறிறங்காத எங்கள் கடற்கரைப் பங்கில், இதனை அறியாது அறிக்கையைப் படிப்பவர் ஓர் அப்பாவிப் பெண்ணைக் கொலைகாரியாக்கிவிடக்கூடும்.