நர்ஸ் வேலைக்கு யாரும் வரவில்லை

காத்தோங் மேயர் சாலை இன்றைக்கு உயரமான கண்டோக்களின் வரிசை. 2024-இலிருந்து எம்ஆர்டியும் உண்டு. கடற்கரையை நிலமீட்பு தள்ளிக் கொண்டுபோய்விட்டது. அது வாசலுக்கு எதிரிலேயே இருந்த காலத்தில், இந்தச் சாலையின் ஒரு பங்களாவில்தான் சுபாஷ் சந்திர போஸ் தங்கியிருந்தார்.

1943 ஜூலையில் அவர் கேட்டது துப்பாக்கி தூக்கும் பெண்களை, நர்ஸ்களை அல்ல. அந்த மாதமே இருபது பெண்களைத் திரட்டி ரைஃபிளோடு அணிவகுப்பு மரியாதை கொடுக்க வைத்தவர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் படித்த டாக்டர், இங்கே ஏழைத் தொழிலாளர்களுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவர். அக்டோபர் 22-ஆம் தேதி வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியது.

பர்மா போன பிறகு கதை மாறுகிறது. 1944-இல் இம்பால் தோல்வி. மலேரியாவும் சீதபேதியுமாகத் திரும்பிய சிப்பாய்களை மேமியோ ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்கள் ராணிப் படைப் பெண்கள். சண்டை போட வந்தவர்களுக்குக் கிடைத்தது காயம் கழுவுற வேலை. நம்ம ஆட்கள் பகிரும் படங்களில் ரைஃபிள்தான் இருக்கும். மலச்சட்டி தூக்கிய பெண்ணைக் காணோம். பணிவிடை என்றால் நமக்கு இளப்பம், வேறென்ன?

ஏன் சேர்ந்தாங்க என்று கேட்டால் பதில் ரெடி: தேசப்பற்று. ராசம்மா பூபாலனுக்கு அப்போது 16 வயது, அக்காவோடு சேர்ந்தார். ஜானகி தேவர் நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர். இவர்களுக்கு அந்தப் பதில் பொருந்தும். ஆனால் படையில் ரப்பர் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. போரில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டத்தில் சோறு இல்லை. ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். முகாமில் சாப்பாடு உண்டு, சீருடை உண்டு, எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். கங்காணி கிடையாது. பசியில் வந்தவள் விடிய விடிய முழிச்சிருந்து ஒரு சிப்பாய்க்குத் தண்ணீர் புகட்டினால், அந்த உழைப்புக்கு மதிப்பு குறைஞ்சிடுமா? எனக்கு அப்படித் தோணலை. பசியும் பற்றும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியாதா என்ன.

லட்சுமியே அப்படித்தான். ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தவர், பர்மாவில் மறுபடி நோயாளிகளிடம் வந்து சேர்ந்தார். போருக்குப் பிறகு கான்பூரில் குடியேறினார். 1984-இல் விஷவாயு கசிந்த போபாலுக்கு மருத்துவக் குழுவோடு போனார். தொண்ணூறு வயது தாண்டியும் காலையில் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்.