இருமலும் இசையும்

மாலரின் ஒன்பதாவது சிம்பொனிக்குத் துல்லியமான ஒலிப்பதிவுகள் எத்தனையோ உண்டு. நான் திரும்பத் திரும்பக் கேட்பது கரகரப்பான ஒன்றை: 1938 ஜனவரி 16 அன்று வியன்னா பில்ஹார்மோனிக் குழு வாசித்த கச்சேரி. நடத்தியவர் மாலரின் சீடர் புரூனோ வால்டர்; 1912இல் இந்த சிம்பொனியை அரங்கேற்றியவரும் அவரே. வயலின் வரிசைக்குத் தலைமை, மாலரின் தங்கை கணவர் அர்னால்ட் ரோஸே. இருவரும் யூதர்கள்.

இரண்டே மாதத்தில் ஆஸ்திரியா ஹிட்லர் வசமானது. அப்போது வெளிநாட்டிலிருந்த வால்டர் அகதியானார். ரோஸே லண்டனில் தஞ்சம் புகுந்தார். அவர் மகள் ஆல்மா 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார்.

ரசிகர்களின் இருமலும் இதில் பதிவாகியிருக்கிறது. துரத்தப்படப் போகிறவர் யார், துரத்தப் போகிறவர் யார்? இருமலில் வித்தியாசம் தெரியவில்லை. பிறர் எழுத்தைத் தமிழாக்கும்போது கரடுமுரடுகளைச் செதுக்குவது என் தொழில். இந்த இருமலை மட்டும் யாரும் நீக்கிவிடக் கூடாது.