சொல் நகராது, ராகம் நகரும்

திருமலைக் கோயிலுக்குள் உண்டியலுக்கு எதிரே ஒரு சின்ன அறை. சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். தெலுங்கில் பாடிய அன்னமாச்சாரியார் (1408–1503) பாட்டுகளை அவர் வம்சத்தார் செப்பேடுகளில் வெட்டி அங்கேதான் வைத்திருந்தார்கள். 1922இல் அந்த ஏடுகள் வெளிச்சத்துக்கு வந்தபோது ஆயிரக்கணக்கில் பாட்டுகள் கிடைத்தன. தலைப்பில் ராகத்தின் பெயர், கீழே சாகித்யம். மெட்டு மட்டும் இல்லை.

மெட்டு போய்விட்டதே என்று வித்வான்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் என்று பலரும் புதிதாக மெட்டுப் போட்டார்கள். நேதுநூரி ரேவதியில் அமைத்த ‘நானாடி பதுகு’வைக் கேட்டால், அன்னமாச்சாரியாரே இப்படித்தான் பாடியிருப்பார் என்று சத்தியம் செய்யத் தோன்றும். அவ்வளவு பொருத்தம்.

மேடையில் நிரவல் பாடுகிறவருக்கும், அதாவது ஒரு வரியின் சொல்லை மாற்றாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுகிறவருக்கும், இதே வேலைதான். ஆனால் உட்கார்ந்து யோசிக்க அவகாசம் கிடையாது. திருப்பதி மகதி அரங்கில் ஒரு கச்சேரி. பைரவியில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பாடகர் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தச் சொல் தாளத்தில் எங்கே விழவேண்டுமோ அங்கேதான் விழுந்தது. சொற்களைச் சுமந்த ராகம் மட்டும் மத்திம ஸ்தாயியில் உலாவி, கீழே இறங்கி, மெல்ல மேல் ஷட்ஜத்தை எட்டியது. நடுவில் வயலின்காரர் ஒரு பிடியை அழுத்தி வாசித்தார். பாடகர் ‘ஆஹா’ என்றார். அடுத்த சுற்றில் அந்தப் பிடியிலிருந்தே தொடங்கினார். வீட்டில் தயார் செய்துகொண்டு வந்ததை அப்போதே கீழே போட்டுவிட்டார் என்பது கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்தது. எனக்கு அன்றைய கச்சேரியே அதுதான்.

சித்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வித்தை ஊர்ச் சொத்து. புங்கனூரில் 1898இல் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் பயின்றவர். நாயனா பிள்ளையின் கச்சேரிக்கு ‘புல் பெஞ்ச்’ என்று பெயர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லயக்காரர்கள் ஒரு படையாகவே சூழ்ந்திருப்பார்கள். அத்தனை பேர் காதுக்கு நடுவில் கற்பனை ஸ்வரம் பாடி, பாட்டு வரி தொடங்கும் எடுப்புக்கு இம்மி பிசகாமல் வந்து சேரவேண்டும். தாளம் உடம்பில் ஊறியிருந்தால்தான் அது நடக்கும். அந்தப் பள்ளியில் தேறியவருக்கு 1954இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அந்தக் கணக்குக்கு நடுவிலும் அவர் ‘மதுரா நகரிலோ’வைப் பாடினால் ஆனந்தபைரவி குழைந்து வரும்.

கட்டுப்பாடு கற்பனைக்கு எதிரி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நிரவல் வேறு கதை சொல்கிறது. சொல் கட்டு, தாளம் கட்டு, ராகம் கட்டு. இத்தனையும் கட்டிய பிறகு மிச்சம் இருக்கிற இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தில்தான் பாடகர் யார் என்பது தெரிகிறது. அடுத்த சொல் எங்கே விழும் என்ற கவலை இல்லாததால்தான் அவர் மனம் ராகத்தில் அலைகிறது. பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதும் காதில் விழுகிறது. பழகாதவனுக்குத் தன் கணக்கைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதாது.

எழுத்துக்கும் இது பொருந்தும், வகுப்பறைக்கும் பொருந்தும். வெறும் தாளை நீட்டி “புதுசா ஏதாவது பண்ணு” என்றால் பிள்ளை திகைத்துத்தான் நிற்கும். ஒரு வரியைக் கொடுங்கள். அது நெஞ்சில் ஏறும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவிடுங்கள். பிறகு, “சொல்லை மாற்றாதே, மற்றதெல்லாம் உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள்.