மீன் உன்கிட்ட வரணும்

சின்ன வயதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் விரால்தான். மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறு நாள் இரும்பு, ஒரு நாள் ஏரி. விடிவதற்கு முன்பே கரையான்சாவடி வீட்டு வாசலில் சைக்கிள் பெல் கேட்கும். கேரியரில் காற்று இறக்கிய இரண்டு லாரி டியூப், ஒரு பலகை, நைலான் கயிறு. ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டிய மூங்கில் கழி. நான் முன்பக்க பாரில் உட்கார்ந்துகொள்வேன். லாரிக்காரர்களுக்காக ராத்திரியெல்லாம் திறந்திருக்கும் பஞ்சர் கடையில் காற்று அடித்து, ஆளுக்கொரு டியூப்பை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு நேமம் ஏரிக்கரையில் நடப்போம்.

இரண்டு டியூப்பையும் ஒட்டி வைத்து மேலே பலகையைக் கட்டினால் அதுதான் எங்கள் படகு. மாமா முன்னால், நான் பின்னால்.

விரால் தண்ணீருக்குள் மட்டும் மூச்சு வாங்கிப் பிழைக்கிற மீன் இல்லை. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகூட உயிரோடு இருக்கும். அது மேலே வரும்போது கோரைக்கு நடுவில் ஒரு சின்னக் குமிழி உடையும். மாமா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் பேசாமல் இருப்பார். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் மட்டும் அந்தப் பக்கமே தூண்டில் போட மாட்டார். குஞ்சுக்குக் காவலாகத் தாயும் தகப்பனும் கீழேயே நிற்கும், எது கிட்ட வந்தாலும் பாயும். "பசிக்குக் கடிச்சா புடிக்கலாம் மாப்ள. புள்ளைய காப்பாத்தக் கடிக்கிறதப் புடிக்கக்கூடாது."

எனக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "தலை டியூப்பத் தாண்டக்கூடாது. மீன் உன்கிட்ட வரணும். நீ மீன்கிட்டப் போகக்கூடாது."

1999ஆம் வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று மாட்டிய விரால் என் கை நீளம் இருக்கும். கோரைக்குள் ஓடப் பார்த்தது. மாமா அதை விடாமல், இழுக்கவும் இல்லாமல், கழியை வளையவிட்டே களைக்க வைத்தார். கடைசியில் அது டியூப் பக்கத்தில் வந்து மல்லாந்தது. வெள்ளை வயிறு. நான் கையை நீட்டினேன். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன்.

அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது பச்சைத் தண்ணீர். வாய்க்குள் பாசி. காலைச் சுற்றிக் கொடி. நீச்சல் தெரியாது. பிறகு தலைமுடியைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். மாமா கழியை விட்டிருந்தார். கழியும் நரம்பும் மீனும் கோரைக்குள் போயே போய்விட்டன.

வீட்டில் ஈர டிரவுசரோடு நின்றேன். அம்மா கேட்பதற்கு முன்பே மாமா சொன்னார்: "நான்தான்கா, மீனப் பாத்துட்டு ஒரு பக்கமா சாஞ்சுட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இனிமே எம் புள்ளய எங்கயும் கூட்டிட்டுப் போகாத" என்றாள் அம்மா. அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு விசேஷத்துக்கு மட்டும்தான் வந்தார். டியூப்பை யாருக்கோ கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் இன்ஜினியரிங் படித்தேன், வேலைக்குப் போனேன், முப்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

2022இல் ஆபீஸ் வேலையாக ஸ்டாக்ஹோமில் இருந்தேன். அங்கே பால்டிக் கடலோரத்தில் யார் வேண்டுமானாலும் காசு கட்டாமல் தூண்டில் போடலாம், 1985இலிருந்து அப்படி. கூட வேலை செய்த ஒருவர் அக்டோபரில் கயாக்கில் பைக் மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். அவர்கள் மொழியில் 'யெட்டா'. வாத்து அலகு மாதிரித் தட்டையான வாய், உள்ளே நூற்றுக்கணக்கில் பின்னோக்கிச் சாய்ந்த பற்கள். சாதா நரம்பைக் கடித்துத் துண்டாக்கிவிடும், அதனால் முள்ளுக்கு முன்னால் கம்பி கட்டுவார்கள். நாணலுக்குள் அசையாமல் நின்று ஒரே பாய்ச்சலில் பிடிப்பதில் அது நம்ம விராலேதான். ஒரே வித்தியாசம், பைக் முட்டையிட்டதோடு சரி, குஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கயாக் வடதுருவத்துக்காரர்கள் தோலும் சட்டமும் வைத்துக் கட்டிய படகு. இன்றைக்கு அதைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். ஆனால் உட்காரும் இடம் மாறவில்லை. தண்ணீருக்கு அரையடி மேலே, காலை நீட்டிக்கொண்டு. டியூப்பில் உட்கார்ந்த அதே உயரம். கிளம்புவதற்கு முன் நண்பர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: எப்போதும் உன் மூக்கு உன் தொப்புளுக்கு நேராக இருக்கட்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

மதியத்துக்கு மேல் மாட்டியது. ரீல் கத்தியது. கயாக்கின் மூக்கு தானாகத் திரும்பி மீன் போகிற பக்கம் போக ஆரம்பித்தது. கரையில் நின்றால் நாம் மீனை இழுக்கிறோம். கயாக்கில் மீன் நம்மை இழுக்கிறது, அந்த இழுவையே அதைக் களைக்கவும் வைக்கிறது. அவசரப்பட்டுத் தெம்போடு பக்கத்தில் கொண்டுவந்தால் அது துள்ளும், மடியில் முள்ளோடு விழும். காத்திருந்தேன். இரண்டு முறை அடியில் புகுந்து மறுபக்கம் போனது. ராடை முன்மூக்கைச் சுற்றிக் கொண்டுபோய் அதே பக்கம் திருப்பினேன். கடைசியில் பக்கவாட்டில் வந்து சாய்ந்தது. வெள்ளை வயிறு.

எட்டாத தூரம். ஒரு சாண்.

என் வலது கை தானாக நீண்டது. முதுகும் கூடவே போகப் பார்த்தது. உலர் உடைக்குள் வியர்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராடைப் பின்னால் சாய்த்தேன். மீன் அந்த ஒரு சாணையும் கடந்து என்னிடம் வந்தது.

செவுள் மூடிக்கு அடியில், செவுளைத் தொடாமல், தாடை எலும்பை ஒட்டி விரலை விட்டுப் பிடித்தேன். குறடால் முள்ளை எடுத்தேன். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். அந்தக் கடற்கரையில் எழுபத்தைந்துக்கு மேல் இருந்தால் விட்டுவிட வேண்டும். பெரிய பைக் எல்லாமே பெண், முட்டை அவற்றிடம்தான் அதிகம். தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். வாலை ஒரு அடி அடித்து என் முகத்தில் தண்ணீரை எறிந்துவிட்டுப் போனது.

அன்று ராத்திரி மாமாவுக்கு வீடியோ காலில் போட்டோவைக் காட்டினேன். ரிட்டயர் ஆகிவிட்டார், காதும் கொஞ்சம் மந்தம். அவர் பின்னால் ஜன்னலில் மெட்ரோ தூண் தெரிந்தது. போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். எத்தனை கிலோ என்றோ என்ன விலை போகும் என்றோ கேட்கவில்லை.

"சாயலியே?" என்றார்.

"இல்ல மாமா."

"அப்ப சரி."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. "மாமா, அன்னிக்கு நேமத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"லைன் சரியா கேக்கலடா. சாப்ட்டியா?" என்றார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா நான் எழுதுவதை வாட்ஸப்பில் அனுப்பினால் மட்டும் படிப்பாள். இதை அனுப்பப் போகிறேன். அம்மா, சாய்ந்தது நான்தான்.