நடப்பவர்களின் பழம்

கேரளத்தின் கோட்டூரில் ஜீப்பை விட்டு இறங்கியதிலிருந்து ஏற்றம்தான். முன்னால் போன காணிப் பழங்குடிப் பெரியவருக்கு எழுபது வயதாவது இருக்கும். கையில் வெட்டுக்கத்தி, தோளில் துண்டு. இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கால் துவண்டுவிட்டது. அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

ஓடைக்கரை நிழலில் குனிந்து ஒரு சின்னச் செடியைத் தொட்டார். வெற்றிலையை நினைவூட்டும் இலைகள். "இதாக்கும் ஆரோக்கியப்பச்சை."

1987இல் அகத்தியமலைக் காடுகளுக்கு வந்த தாவர அறிவியலாளர் புஷ்பாங்கதன் குழுவினரும் இப்படித்தான் களைத்துப்போனார்கள். வழிகாட்டிய காணி இளைஞர்கள் மட்டும் ஏதோ பழத்தை மென்றபடி சளைக்காமல் ஏறினார்கள். என்ன பழம் என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம். பிறகு சொன்னார்கள்: இந்தச் செடியின் பழம்தான்.

பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அந்தச் செடியோடு அமுக்கரா முதலியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் போனது: 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு. பணத்தைப் பெற்றுக்கொள்ள 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. அறிவைக் கொடுத்த பழங்குடிக்கு வருமானத்தில் பங்கு என்பது அன்று உலகமே திரும்பிப் பார்த்த ஏற்பாடு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே 1995இல், காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்துக் கேரள முதல்வருக்கு எழுதினார்கள். வழிகாட்டிய இளைஞர்கள் சொன்னது அவர்கள் மட்டும் சொல்லக்கூடிய செய்தியா? பங்குத்தொகை எவ்வளவாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது. மலை இறங்கிய பின்னும் இது என்னை விடவில்லை.

அன்று ஓடைக்கரையில், ஜீவனி மருந்து இலையிலிருந்து வருகிறது என்று பெரியவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"நாங்க தின்னது பழமாக்கும், தம்பி. நடக்கிறவனுக்குப் பழம்."

அப்போது செடியில் பழம் இல்லை. திரும்பும் வழியில் ஒரு கொடியருகே நின்றார். நாலு இலை கிள்ளி மடியில் செருகிக்கொண்டார். வீட்டில் பேத்திக்குக் காய்ச்சல் என்று காலையில் சொல்லியிருந்தார். கொடியின் பெயரைக் கேட்க வாயெடுத்தேன். அவர் நடக்கத் தொடங்கியிருந்தார். குறிப்பேட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பின்னால் நடந்தேன்.