உதடு அசைந்த பெட்டி

மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் தந்தியை வருடி வாசிக்கும் ஹவாயன் கிட்டாருக்கு கொல்கத்தாவில் தனி மவுசு உண்டு. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் இங்கே வாழ்ந்தவர். பிற்காலத்தில் பட்டுக் நந்தி இதில் ரவீந்திர சங்கீதம் வாசித்தார்; சுனில் கங்குலி இந்திப் படப் பாடல்களை வாசித்தார். பாடகர் கிடையாது. கேட்பவர் மனதில் வரிகள் தாமாக எழ வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஸ்வரங்களுக்கிடையே வழுக்கும் ஜாருதான்.

தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபின் என் மனைவி பாடுவதில்லை. அவள் பாடல்களை நான் வாசிக்கிறேன். அதற்காகத்தான் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒன்றாக உள்ள சிறிய காம்போ தேடி, லால்பஜார் பக்கம் இருவரும் போனோம்.

கடைக்காரர் வாட் கணக்கைச் சொன்னார். வாட் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு அறை வீட்டுக்கு 10 வாட்டே தாராளம். எனக்கு வேண்டியது சத்தமல்ல, தெளிவு. ராக் இசைக்கான பெட்டிகள் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும். இரண்டு தந்திகளைச் சேர்த்து வழுக்கினால் குழம்பிவிடும்.

கெயினைக் குறைத்து, ட்ரெபிளைத் தணித்து, ஒற்றைத் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தேன். முதல் பெட்டியின் இரைச்சல் ஸ்வரத்தின் வாலை விழுங்கியது. இரண்டாவது கரகரத்தது. 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட மூன்றாவதில் ஸ்வரம் கடைசிவரை உருகிக் கரைந்தது. அவளுக்குப் பிடித்த பாடலைத் தொடங்கினேன். அவள் உதடுகள் அசைந்தன.

விலை கேட்டேன்.