விரல் தேர்ந்த கருவி

திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். படிப்பு கண் வழியே மட்டும் நுழைவதன்று. காது வழியேயும் நுழையும். இவ்வுண்மையை நாம் ஏட்டளவில் அறிவோம். ஆனால் காது ஒன்றையே நம்பி நூல்களைக் கற்கும் ஒருவரோடு பழகும்போதுதான் அதன் பொருள் முழுவதும் விளங்குகிறது. அத்தகைய ஒருவருக்காக மலிவான ‘பிரீ-ஆம்ப்’ ஒன்றைத் தேடி அலைந்த வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தேன். ‘முன்பெருக்கி’ என்று அதைத் தமிழில் கூறலாம்.

நம் விடுதியில் வரலாற்று ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருக்கிறார். நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர், பார்வையற்றவர். நாங்கள் அனைவரும் அவரை ‘அண்ணன்’ என்றே அழைப்போம். இக்காலத்தில் கைப்பேசியும் கணினியும் தமிழ் எழுத்தைத் தாமே வாய்விட்டுப் படிக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் அண்ணனின் ஆராய்ச்சிக்கு வேண்டியவை பெரும்பாலும் பழைய நூல்கள். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சானவற்றில் ‘லை’, ‘ணை’ முதலியன வேறு வடிவில் நிற்கும். மை மங்கிய பக்கங்களின் நிழற்படத்தைக் கொடுத்தால், இயந்திரம் வரிக்கு இரண்டு சொற்களை விழுங்கிவிடுகிறது. எனவே எங்களுள் எழுவர் முறை வைத்துக்கொண்டு படித்துப் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கினோம்.

முதல் மாதம் கைப்பேசியிலேயே பதிந்தோம். அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். “தம்பி, நீங்கள் படித்ததைவிட உங்கள் அறை மின்விசிறியின் பேச்சுத்தான் எனக்குத் தெளிவாக விளங்கியது” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம், அதுவும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர் அவர். பக்கத்தில் மங்கல் இருந்தால் நம் கண் களைப்பது போல, ஒலியில் இரைச்சல் இருந்தால் அவர் தலை வலிக்கும். நாம் இடைநிறுத்தும்போதெல்லாம் கைப்பேசி தானே ஓசையைத் தூக்கிக் கொடுப்பதால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விசிறி சீறி எழுந்தது.

நம் தமிழ்ச் சங்கத்து அலமாரியில் பொங்கல் விழாவிற்கு மட்டும் வெளிவரும் ஷூர் எஸ்.எம். 58 மைக் ஒன்று இருக்கிறது. 1966ஆம் ஆண்டு முதல் விற்பனையாகும் இவ்வகை மைக், மேடைக்கென்று பிறந்தது, உறுதியானது. அதையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். ஆளுக்கு 1,200 ரூபாய் வீதம் எழுவர் போட்ட 8,400 ரூபாய் முன்பெருக்கிக்கு ஆயிற்று. என் பங்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஈட்டியது.

முன்பெருக்கி எதற்கு? வாயிலிருந்து நான்கு விரற்கடைக்குச் சற்று மேலாக, 10 சென்டிமீட்டர் தொலைவில் இந்த மைக்கை வைத்து இயல்பாகப் பேசினால் ஏறத்தாழ 0.37 மில்லிவோல்ட் மின்னழுத்தமே கிடைக்கும். கணினி எண்களாக மாற்றிக்கொள்ள இது மிகச் சிறியது. ஆயிரம் மடங்கு பெருக்கினால் மூன்றிலொரு வோல்ட்டைத் தாண்டும். ஆயிரம் மடங்கு என்பது 60 டெசிபெல். ஆகவே 40 டெசிபெல்லோடு நின்றுவிடும் கருவி நமக்கு உதவாது. 55க்கு மேல் பெருக்க வல்லது வேண்டும். பெருக்கும்போது தன் சொந்த இரைச்சலை மிகுதியாகக் கலக்காமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் முதல் தேவைகள்.

இரைச்சலைப் பற்றி இயற்பியல் ஓர் ஆறுதல் கூறுகிறது. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் ஓயாது அலைகின்றன. அந்த அலைச்சலே ஓர் இரைச்சல். ஜான்சன் அளந்ததையும் நைக்விஸ்ட் விளக்கியதையும் 1928இல் உலகம் அறிந்தது. மைக்கின் தடை 150 ஓம் என்று கொண்டால், அறை வெப்பநிலையில் 20,000 ஹெர்ட்ஸ் அகலத்தில் இது 0.22 மைக்ரோவோல்ட். ஒலிப்பதிவாளர் கணக்கில் மைனஸ் 131 டி.பி.யூ. இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அம்மைக்கின் இந்த அடித்தளத்திற்குக் கீழே எந்த முன்பெருக்கியும் இறங்க முடியாது! இன்று யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணையும் எளிய கருவிகள் பலவும் மைனஸ் 125 முதல் 129 வரை எட்டிவிடுகின்றன. செல்வர் வாங்கும் கருவிக்கும் நம் கருவிக்கும் இடையே நிற்பது ஒரு சில டெசிபெல்தான்.

“நீயே செய்துவிடலாமே!” என்று வகுப்புத் தோழர் ஒருவர் தூண்டினார். ஆசை எழாமல் இல்லை. ஐ.என்.ஏ. 217 போன்ற ஒரு சிறு சில்லின் இரைச்சல் அந்த 150 ஓம் தடையின் இரைச்சலைவிடக் குறைவு; சூட்டுக்கோலும் என்னிடம் உண்டு. ஆனால் மின்வழங்கி, பெட்டி, எண்ணாக மாற்றும் உறுப்பு எல்லாம் சேர வேண்டும். அதைவிட முக்கியம் வேறொன்று. அடுத்த ஆண்டு நான் எம்.எஸ்சி. முடித்துப் போய்விடுவேன். பழுதானால் என்னைத் தேடும்படியான ஒரு கருவியை அண்ணனிடம் விட்டுச் செல்வது உதவியாகுமா? ஆகாது என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டிற்குப் போனோம். அண்ணனும் உடன் வந்தார். கடைக்காரர் முதலில் ‘எக்கோ’ வைத்த சிறு மிக்சரைக் காட்டினார். கோயில் பஜனைக்கு நன்றாகப் போகிறதாம். பிறகு வால்வு ஒளிரும் பெட்டி ஒன்றைக் காட்டி, குரல் தேனாகிவிடும் என்றார். வரலாற்று நூலுக்குத் தேன் எதற்கு? இரண்டையும் விலக்கிய பின், எங்கள் பணத்திற்குள் இரண்டு யு.எஸ்.பி. கருவிகள் மிஞ்சின. பெயர் கூறுவது விளம்பரமாகும் என்பதால் விடுக்கிறேன்.

முதலாவதின் இரைச்சல் மைனஸ் 128. இரண்டாவதோ மைனஸ் 125. என் கை முதலாவதை நோக்கியே சென்றது. அண்ணன் இரண்டையும் மடியில் வைத்து விரல்களால் தடவிப் பார்த்தார். முதலாவதில் மேற்பரப்பு வழுவழுப்பு. தொட்டால் விளக்கு எரிவதே அடையாளம். எது எந்நிலையில் இருக்கிறதென்று விரலுக்குத் தெரியாது. இரண்டாவதில் திருகுமுனையில் ஒரு வரம்பு மேடாக நின்றது; 48 வோல்ட் பொத்தான் அழுத்தினால் உள்ளே தங்கியது.

“தம்பி, நீங்கள் படிப்பதைக் கேட்க எதுவானாலும் போதும். ஆனால் இது இருந்தால் நானே பதிவு செய்வேன்” என்றார் அண்ணன்.

3 டெசிபெல் ஒரு பக்கம். ஒருவர் பிறர் துணையின்றித் தாமே ஒரு காரியத்தைச் செய்வது மறுபக்கம். தராசு எப்பக்கம் சாயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. மேலும் அந்த 3 டெசிபெல்லைக் காசின்றி மீட்கவும் வழி உண்டு. வாய்க்கும் மைக்கிற்கும் இடையேயுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் ஏறும். கருவியின் இரைச்சல் ஏறாது. 20 சென்டிமீட்டரில் இருப்பவர் 10 சென்டிமீட்டருக்கு வந்தால் இழந்ததைப் போல் இருமடங்கு கிடைத்துவிடும்!

இன்னொரு கணக்கும் கேளுங்கள். 10 சென்டிமீட்டரில் நம் குரல் 80 டெசிபெல் அளவில் இருக்கும். விசிறி ஓடும் அறையின் ஓசை 50 என்று கொண்டால், அது குரலுக்கு 30 டெசிபெல்தான் கீழே. எங்கள் கருவியின் இரைச்சலோ ஏறத்தாழ 60 கீழே. விசிறி கருவியைவிட முப்பது மடங்கு பெரிய பகைவன்! ஆதலால் விடியற்காலை ஐந்து மணிக்கு, விசிறியை நிறுத்தி, சன்னலில் குளிர்காலத்து ரஜாய் ஒன்றைத் தொங்கவிட்டுப் படிக்கிறோம். ‘ப’கரம் வெடிக்காமலிருக்க மைக்கை வாய்க்கு நேரே வையாமல் சற்றே ஒதுக்கி வைக்கிறோம். ஒலிமானியில் உச்சம் மைனஸ் 12ஐத் தொடும்படி திருகுகிறோம். தில்லியின் மே மாதத்தில் இது தவம்தான். எனினும் 30 டெசிபெல்லை விலை கொடுத்து வாங்க எழுவரின் பணம் போதுமா?

இவ்வாறு பிறர் நூலைப் பதிவு செய்யலாமா என்று சிலர் ஐயுறலாம். 2012ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் தம் படிப்பிற்குப் பயன்படுத்த இத்தகைய படிகளை ஆக்கிக் கொடுக்க இடம் தருகிறது. அதே நோக்குடைய 2013ஆம் ஆண்டு மராக்கெஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதன்முதலாக உறுதி செய்த நாடும் இந்தியாவே.

இப்போது அண்ணன் அக்கருவியைப் பையில் இட்டுக்கொண்டு, தில்லியில் குடியேறிய முதிய தமிழர் வீடுகளுக்குத் தாமே செல்கிறார். அவர்கள் வந்த கதையை அவர்கள் வாயாலேயே பதிந்து வருகிறார்; அதுவே அவருடைய ஆராய்ச்சி. சென்ற வாரம் ஒரு பாட்டியின் குரலை எனக்குப் போட்டுக் காட்டினார். வெற்றிலை இடிக்கும் ஓசையும் அதில் தனியே, தெளிவாகக் கேட்டது.

அன்பர்களே, படிக்க வேண்டிய நூல்கள் இன்னும் ஓர் அடுக்கு இருக்கின்றன; எழுவரில் மூவர் இவ்வாண்டோடு போகிறோம். பிழையின்றிப் படிக்கும் நாவும், ஐந்து மணிக்கு எழும் மனமும் உடையவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். எவ்வாறு திருகுவது என்று கற்பிக்க நான் வேண்டியதில்லை, அண்ணனே கற்பிப்பார்.